பார்க்கப்பட்டது, கருத்து இல்லை

பூட்டு கம்பெனியில் சாவி வெட்ட வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்றே ஒன்றுதான். பூட்டு யாருடையது என்று கேட்காதே. வீட்டுப் பூட்டோ, கடைப் பூட்டோ, கழிவறைப் பூட்டோ, உனக்கென்ன? வெட்டுச் சீட்டில் ஐந்து எண் இருக்கும். அந்த ஐந்து ஆழத்துக்கு ஐந்து பல் வெட்டு, அரத்தால் பிசிறை எடு, பூட்டில் போட்டுத் திருப்பிப் பார், பெட்டியில் வை. அவ்வளவுதான் உத்தியோகம்.

சாவி அக்கா பதினேழு வருஷமாக அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவள் சாவி அக்காதான். சம்பளச் சீட்டில் என்ன பெயர் இருக்கிறது என்று அவளுக்கே ஒரு நிமிஷம் யோசித்தால்தான் வரும். பதினெட்டாம் வருஷம் பிறந்த கையோடு அவள் வெட்டிய சாவி அவள் தெருவையே பூட்டிவிட்டது. பூட்டிய பிறகுதான் அவளுக்கு யாருடைய பூட்டு என்று கேட்கத் தோன்றியது. என்ன செய்ய, சுட்டால்தானே புத்தி வருகிறது.

அவள் வீடு பள்ளத்தெருவில். பள்ளத்தெருவில் வீடுகள் உண்டு, வேறொன்றும் கிடையாது. கடைவீதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிறுத்தம் எல்லாம் மேட்டுத்தெருவைத் தாண்டி. நாற்பது வருஷமாக எல்லோரும் மேட்டுத்தெரு வழியாகத்தான் நடந்தார்கள். பொதுத் தெருதானே, யார் கேட்பது? கேட்டது மேட்டுத்தெரு குடியிருப்போர் சங்கம். அங்கே இரண்டு பூந்தொட்டியும் பெடல் இல்லாத ஒரு சைக்கிளும் காணாமல் போயினவாம். பெடல் இல்லாத சைக்கிளை எந்தத் திருடன் எப்படி ஓட்டிக்கொண்டு போவான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. தெருவுக்குக் குறுக்கே இரும்பு கேட் போட்டு, பூட்டையும் மாட்டிவிட்டார்கள்.

காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் காவல்காரர் திறப்பார். அதுவும் வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போட்ட சீட்டு வைத்திருக்கிற வேலைக்காரர்களுக்கு மட்டும். பின்னே? பள்ளத்தெரு ஆபத்தானதுதான், அதற்காகப் பாத்திரத்தை அவர்களே தேய்த்துக்கொள்ள முடியுமா?

கேட்டின் நெற்றியில் ஒரு பித்தளைத் தகடு. 'இந்தப் பூட்டு எங்கள் நிறுவனத்தின் அன்பளிப்பு. நாங்கள் யார் பக்கமும் சாயாதவர்கள்' என்று அதில் பொறித்திருந்தது. கீழே சாவி அக்கா வேலை பார்க்கிற கம்பெனியின் சின்னம். படித்ததும் அவளுக்கு வயிறு எரிந்தது.

அவள் புருஷன் தையல்காரர். சின்ன வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. ஊன்றுகோல் ஊன்றித்தான் நடப்பார். கடை, கேட்டைத் தாண்டி நாலாவது கதவு. முன்பெல்லாம் வீட்டில் டீ குடித்துவிட்டுப் புறப்பட்டால், வாயில் டீயின் சூடு ஆறுவதற்குள் தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பார். இப்போது சாக்கடைக் கரையோரம் போய், ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்து, கிடங்குகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். நல்ல காலுள்ளவனுக்கே முக்கால் மணி நேரம். அவருக்கு ஒன்றரை. ஒன்பதுக்குத் திறந்த கடை பதினொன்றுக்குத் திறந்தது. வந்து பார்த்துவிட்டுப் போன வாடிக்கைக்காரர்கள் திரும்பி வரவில்லை. கடைக்குச் சொந்தக்காரர் நல்ல மனுஷர்தான், ஆனாலும் சொல்லிவிட்டார்: "ஒம்போதுக்குத் திறக்கறதா இருந்தா இருங்க. இல்லேன்னா இந்த மாசக் கடைசியில சாவியக் குடுத்துடுங்க."

அக்குளில் ஊன்றுகோல் உரசி உரசித் தோல் கிழிந்து போயிருந்தது. சாயந்திரம் அவள் மருந்து போடும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்.

"ஏம்மா, உங்க கம்பெனிப் பூட்டு நல்ல பூட்டும்மா. நானும் இழுத்துப் பார்த்தேன், அசையல."

"உங்களுக்கு எல்லாத்துலயும் கிண்டல்தான்."

"கிண்டல் இல்ல. மாசக் கடைசியில மெஷின வீட்டுக்குக் கொண்டாந்துடறேன். பள்ளத்தெருவுல யாரு சட்டை தைக்கப் போறா, கிழிஞ்சத ஒட்டுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே அவள் ஒரு மனு எழுதினாள். கம்பெனி மாட்டிய பூட்டைக் கம்பெனியே எடுத்துவிட வேண்டும். மூன்றே வரி.

இந்த மாதிரி மனுவெல்லாம் நடுநிலைப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். அப்படி ஒரு பிரிவு மூன்று வருஷமாக அங்கே இருந்தது. கட்டடத்தின் நட்ட நடுவில் இருக்க வேண்டும் என்று நூல் பிடித்து அளந்து, மாடிப்படியின் பாதி வளைவில், ஒரு பழைய சாமான் அறையில் வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு மேஜை, நாலு சுவரிலிருந்தும் சரிசமமான தூரத்தில். மேலே ஒரு மின்விசிறி, ஓடாது. அது எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுகிறது என்று அதிகாரியே நிறுத்தி வைத்திருந்தார். அதனால் மனுஷர் காலை பத்து மணிக்கே குளித்து எழுந்தவர் மாதிரி நனைந்திருப்பார். அவருக்குத் தொழிலாளிகள் வைத்த பெயர் தராசு. நேர் வகிடு எடுத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு எண்ணெய் தடவியிருப்பார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்பார்களே, அந்த மீனே இவரிடம் வந்து பாடம் கேட்கும்.

சாவி அக்கா மனுவை நீட்டினாள். தராசு அதை வாங்கினார், கவிழ்த்துப் போட்டார், முதுகில் முத்திரை குத்தினார். 'பார்க்கப்பட்டது. கருத்து இல்லை.'

"சார், படிக்கவே இல்லையே?"

"படிக்கறதில்லம்மா."

"ஏன் சார்?"

"படிச்சா கருத்து வந்துடும்." அவர் பொறுமையாகத்தான் சொன்னார். "மூணு வருஷம், பதினோராயிரம் காகிதம். ஒண்ணுலகூட ஆமான்னு எழுதினதில்ல, இல்லேன்னு எழுதினதில்ல. இந்தக் கை சுத்தமான கை."

"அப்போ நான் வாயால சொல்றேன்" என்று அவள் சொன்னாள். கேட், புருஷனின் கால், மாசக் கடைசி எல்லாம் ஒரே மூச்சில். தராசு பாதி கேட்பதற்குள் மேஜை இழுப்பறையைத் திறந்து பஞ்சு அடைப்பான் இரண்டை எடுத்தார். பிரஸ் பிரிவில் இரைச்சலுக்குக் கொடுப்பதுதான். இரண்டு காதிலும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டார்.

கேட்காத மனுஷரிடம் எவ்வளவு நேரம் பேசுவது? அவள் பேசி முடிக்கிற வரை பேசிவிட்டுத்தான் வந்தாள்.

கிணற்றில் போட்ட கல் என்று அவள் நினைத்தாள். ஆனால் பள்ளத்தெருவில் வேறு சிலரும் முணுமுணுக்கிறார்கள் என்ற சேதி மேலே போயிற்று. கம்பெனி இன்னும் கடுமையாக நடுநிலை வகிக்க முடிவெடுத்தது.

முதலில் கை வைத்தது பரிசோதனைக் கூடத்தில். அங்கே ஒவ்வொரு பூட்டையும் பத்துத் தடவை பூட்டித் திறந்து பார்ப்பார்கள். ஒருத்தி திருப்பிக்கொண்டே "பூட்டுச்சு", "திறந்துச்சு" என்று கூவ, எதிரே இருப்பவள் குறித்துக்கொள்வாள். ஐம்பது வருஷ வழக்கம். அந்த இரண்டு வார்த்தையும் தற்போதைய சூழ்நிலையில் பக்கம் சாய்ந்த வார்த்தைகள் என்று சுற்றறிக்கை வந்தது. இனிமேல் 'நிலை ஒன்று', 'நிலை இரண்டு' என்று சொல்ல வேண்டும். மறுநாளே இன்னொரு சுற்றறிக்கை: ஒன்று இரண்டுக்கு முன்னால் வருவதால் அதிலும் பாரபட்சம் தெரிகிறது, ஆகவே இரண்டையும் 'ஒரு நிலை' என்றே சொல்லவும்.

"ஒரு நிலை!" என்று ஒருத்தி கூவினாள். "ஒரு நிலை!" என்று திரும்பக் கூவினாள். எதிரே இருந்தவள் எது எதுவென்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் சரி போட்டாள். அந்த வாரம் போன சரக்கில் எண்பது பூட்டு பூட்டவே இல்லை. இன்னொரு எண்பது, பூட்டியது பூட்டியதுதான். ஒரு மருந்துக்கடைக்காரர் தன் கடைக்கு வெளியிலேயே மூன்று நாள் ஸ்டூல் போட்டு வியாபாரம் செய்துவிட்டு, கடுங்கோபத்தோடு பூட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். தராசு அவருடைய புகாரின் முதுகில் முத்திரை குத்தினார். பூட்டின் முதுகிலும் குத்தினார்.

அடுத்து பள்ளத்தெருவுக்கே ஒரு வண்டி வந்தது. மேட்டுத்தெருவுக்கு நாம் ஒரு பூட்டு கொடுத்தோம், பள்ளத்தெருவுக்கும் எதையாவது கொடுத்தால்தான் சமம் என்று மேலிடத்தில் யாருக்கோ உறைத்திருக்கிறது. வண்டியிலிருந்து தராசு இறங்கினார், பின்னாலேயே புகைப்படக்காரர். பள்ளத்தெருவின் நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கும் வீட்டுக்கு ஒன்றாகச் சாவி வளையம் கொடுத்தார்கள். நல்ல கனமான எஃகு வளையம், தொங்கும் வில்லையில் 'இரு பக்கமும் நம் பக்கமே' என்று எழுத்து.

தையல்காரர் தன் வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாவி எங்க சார்?"

"சாவி குடுத்தா அது ஒரு நிலைப்பாடு ஆயிடும்" என்றார் தராசு. "வளையம் குடுத்தா அது வெறும் அன்பு."

"சோறு கேட்டவனுக்குக் கை துடைக்கத் துண்டு குடுத்த கதையால்ல இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். புகைப்படக்காரர் அந்தச் சிரிப்பைப் படம் பிடித்துக்கொண்டார். மறுநாள் கம்பெனி அறிவிப்புப் பலகையில் அந்தப் படம் தொங்கியது. கீழே 'பள்ளத்தெரு மக்களின் மகிழ்ச்சி' என்று இருந்தது. சாவி அக்கா அதன் முன்னால் நின்று தன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நேராக மாடிப்படியின் பாதி வளைவுக்குப் போனாள். தராசு இழுப்பறையில் கை வைப்பதற்குள் இவள் அதன் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் காத அடைக்காதீங்க சார். ஒரே ஒரு கேள்வி."

அவர் வேர்வையைத் துடைத்தார். அன்று அவர் பேசியதில் ஒரு ஞாயமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. "நீயே சொல்லும்மா. இன்னிக்கு இந்த கேட்டப் பத்தி வாயத் திறந்தா, நாளைக்கு ஊருல இருக்கற அத்தனை சண்டைக்கும் வாயத் திறக்கணும். நம்ம பூட்ட எல்லா வகை ஆளும் வாங்கறான். கம்பெனிக்குன்னு ஒரு மனசாட்சி வச்சா, அது யாரு மனசாட்சி? முதலாளியோடதா, என்னோடதா, உன்னோடதா? நாளைக்கு முதலாளி மனசாட்சி உனக்கு எதிரா பேசினா ஒத்துக்குவியா?"

"மாட்டேன்" என்றாள் அவள் யோசித்துவிட்டு. "அது சரிதான் சார். அதனால நீங்க பேசவே வேண்டாம். அந்தப் பூட்ட மட்டும் கழட்டிட்டு, அப்புறம் எவ்வளவு நாள் வேணும்னாலும் பேசாம இருங்க."

"பூட்டக் கழட்டினா அது கருத்து."

"மாட்டினது?"

"மாட்டினது வியாபாரம்."

"அன்பளிப்புன்னு தகடு அடிச்சிருக்கே சார். அதுல வியாபாரம் எங்க வந்துச்சு?"

தராசு எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "முதலாளி வீடு மேட்டுத்தெருவுல மூணாவது வீடுங்கறதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல" என்றார்.

"நான் அதக் கேக்கவே இல்லையே சார்."

"கேக்கலதான். ஆனாலும் சம்பந்தம் இல்ல."

அந்த வாரமே சாவிப் பிரிவுக்கு ஒரு வெட்டுச் சீட்டு வந்தது. நடுநிலைப் பிரிவுக்கு மூன்று வயது நிறைகிறது, விழா எடுக்கிறார்கள். விழாவில் கேட்டுக்குப் புதுப் பூட்டு, பழையதைவிட இரண்டு மடங்கு பெரியது. காவல்காரர் கூப்பிட்ட குரலுக்கு வருவதில்லை, காரை நிறுத்தி ஒலி எழுப்பி நிற்க வேண்டியிருக்கிறது என்று சங்கத்தில் புகாராம். ஆகவே மேட்டுத்தெருவில் வீட்டுக்கு ஒரு சாவி. நூற்றுப் பன்னிரண்டு சாவி.

மேஸ்திரி சீட்டை அவள் மெஷின் மேல் வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார். பயந்த மனுஷர். தும்மல் வந்தாலே யாரிடமாவது அனுமதி கேட்டுவிட்டுத்தான் தும்முவார்.

அவள் நூற்றுப் பன்னிரண்டையும் வெட்டினாள். ஒரு பல்கூடப் பிசகவில்லை. பதினேழு வருஷத் தொழில், கோபத்தில் கெடுக்க மனசு வராது. வெட்டி முடித்ததும் அலமாரியிலிருந்து நடுநிலைக் கையேட்டை எடுத்தாள். எல்லாப் பிரிவுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள், சாவிப் பிரிவில் அது எண்ணெய்ச் சட்டிக்கு மூடியாக இருந்தது. ஏழாம் விதி: 'நிறுவனம் ஒரு பக்கத்துக்கு எந்தப் பொருளை எத்தனை கொடுக்கிறதோ, அந்தப் பொருளை அத்தனை எண்ணிக்கையில் மறு பக்கத்துக்கும் கொடுக்க வேண்டும்.' விழாக்களில் நாட்காட்டி கொடுப்பதற்காக எழுதிய விதி. எழுதினவர்கள் எப்போதோ மறந்துவிட்டார்கள்.

அவள் ஒரு புதுச் சீட்டு எடுத்து, தன் கையெழுத்திலேயே எழுதினாள். 'ஏழாம் விதிப்படி, புது கேட் பூட்டுக்கு, பள்ளத்தெரு வீடுகளுக்குச் சாவி நூற்றுப் பன்னிரண்டு.'

மேஸ்திரி பார்த்துவிட்டார். "ஐயோ, என்னம்மா இது! எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கும்மா."

"உங்க பேரு இதுல எங்கயும் இல்ல மேஸ்திரி. எம் பேருதான் போட்டிருக்கேன். பாருங்க, பெருசா."

"வேலை போயிடும்."

"அவருக்குக் கடை போகுது. எனக்கு வேலை போனா என்ன, சரிக்குச் சரி" என்றாள்.  சீட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

தராசின் அறையில் அவள் சீட்டை ஒளிக்கவில்லை, மடிக்கவில்லை. மேஜைக்கு முன்னால் நேராக நின்று, "சார், இது சாவிச் சீட்டு. பள்ளத்தெருவுக்கு நூத்துப் பன்னெண்டு சாவி வெட்டப் போறேன். வேண்டாம்னா இப்பவே வேண்டாம்னு எழுதுங்க" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். முதல் வார்த்தையிலேயே பஞ்சு இரண்டு காதிலும் ஏறிவிட்டது. அவர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டு முத்திரை குத்தினார். 'பார்க்கப்பட்டது. கருத்து இல்லை.'

அவள் குனிந்து கும்பிட்டாள். பதிலுக்கு அவர் இரண்டு கைகளையும் ஒரே உயரத்துக்குத் தூக்கினார்.

மூன்று நாள், பட்டப்பகலில், வேலை நேரத்தில், எல்லோர் கண் முன்னாலும் வெட்டினாள். பக்கத்து மெஷின் பெண்கள் முதல் நாள் பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருத்தி அரத்தை எடுத்துப் பிசிறு எடுக்க உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஆறு பேர். மேஸ்திரி அந்த மூன்று நாளும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது.

விழா நாள். காலை எட்டரை மணி. கேட்டின் அந்தப் பக்கம் பந்தல், நாற்காலி, மேட்டுத்தெருக் குடும்பங்கள், முதலாளி. இந்தப் பக்கம் பள்ளத்தெருவே திரண்டு வெயிலில் நின்றது. சாவி அக்கா கம்பெனி ஆட்களோடு அந்தப் பக்கம் நிற்க வேண்டியவள், புருஷன் பக்கத்தில் இந்தப் பக்கம் நின்றாள். பந்தலுக்குப் பின்னால், நாலாவது கதவில், மூடிக் கிடந்த தையல் கடை தெரிந்தது.

முதலாளி ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பர்களே! இந்த நிறுவனத்தை எங்கள் அப்பா தொடங்கியபோது என்னிடம் ஒன்று சொன்னார். மகனே, ஊரில் எது நடந்தாலும் நீ நடுவில் நில். நான் அன்றிலிருந்து நடுவில் நிற்கிறேன். இதோ, என் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் இந்த கேட் தெரிகிறது. தினமும் காலையில் பார்க்கிறேன். மனதுக்கு எவ்வளவு அமைதி! அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் கிடையாது. இதைத்தான் நான் சமூக அமைதி என்கிறேன். சிலர் கேட்கிறார்கள், அந்தப் பக்கத்து மக்களுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. நான் கேட்கிறேன், எதிராக என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. பூட்டுதான் கொடுத்தேன். பூட்டுக்கு ஏது பக்கம்? அது முன்னாலும் ஒரே மாதிரி இருக்கும், பின்னாலும் ஒரே மாதிரி இருக்கும். பின்பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது தெரியும்!"

பந்தலில் கைதட்டல். தராசு இரண்டு கைகளையும் தட்டி, சத்தம் ஒரு பக்கமும் கூடாமல் பார்த்துக்கொண்டார். முதலாளி தேங்காய் அளவு இருந்த புதுப் பூட்டைத் தூக்கிக் கொண்டியில் மாட்டி அழுத்தினார். டொக் என்றது. நல்ல சத்தம். சாவி அக்காவுக்கு அந்தச் சத்தத்தில் தன் வேலை தெரிந்தது.

"போங்க" என்றாள் அவள்.

தையல்காரர் ஊன்றுகோலை ஊன்றி முன்னால் போனார். சட்டைப் பையிலிருந்து கம்பெனி கொடுத்த வளையத்தை எடுத்தார். 'இரு பக்கமும் நம் பக்கமே' என்ற வில்லை வெயிலில் ஆடியது, பக்கத்தில் புதுச் சாவி. கம்பிக்கு நடுவே கையை விட்டு, பூட்டைத் தன் பக்கம் திருப்பி, சாவியைப் போட்டுத் திறந்தார்.

கேட் திறந்தது. அவர் உள்ளே நுழையவில்லை. பூட்டைத் திரும்ப மாட்டி அழுத்தினார், அடுத்த ஆளுக்கு வழி விட்டார். அடுத்தது ஒரு பெரியவர், அவர் தன் வளையத்தை எடுத்துத் திறந்தார், பூட்டினார். அடுத்தது பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் வளையத்தைத் தலைக்கு மேல் தூக்கிக் குலுக்கினார்கள். நூற்றுப் பன்னிரண்டு வளையம் ஒரே சமயத்தில் குலுங்கினால் எப்படியிருக்கும் என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. பரிசோதனைக் கூடத்துப் பெண்கள் பந்தலுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி பழக்க தோஷத்தில் "திறந்துச்சு!" என்று கூவினாள். எதிரே நின்றவள் "பூட்டுச்சு!" என்றாள். மூன்று வாரமாக அடக்கி வைத்த வார்த்தை, பிறகு நிற்கவே இல்லை.

முதலாளியின் முகம் சிவந்தது. "இது யார் வேலை?"

"என் வேலை" என்றாள் சாவி அக்கா. "உங்க ஆபீஸ் முத்திரை போட்ட சீட்டு இருக்கு. ஏழாம் விதி."

"நீ இந்த நிறுவனத்தை ஒரு பக்கம் சாய்த்துவிட்டாய்!"

"அது ஏற்கனவே சாஞ்சுதான் இருந்துச்சு. அந்தப் பக்கம் நிக்கற உங்களுக்குத் தெரியல. எங்க மேலதான சாஞ்சிருந்துச்சு."

முதலாளி தராசைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான். தராசு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதம் எடுத்தார். நாற்காலியில் வைத்து எழுதினார். முத்திரையில்லை, பேனா. மூன்று வருஷமும் பதினோராயிரம் காகிதமும் ஆமாவும் இல்லையும் காணாத அந்தச் சுத்தமான கை, அரை நிமிஷத்தில் எழுதி முடித்து, அடியில் இரண்டு கோடும் போட்டது. 'வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.'

அவள் காகிதத்தை வாங்கிப் படித்தாள். ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அடேங்கப்பா! சாருக்கும் கருத்து இருக்கே!"

தராசு பேனாவைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.  தையல்காரர் கேட்டை மறுபடி திறந்து, இந்தத் தடவை உள்ளே நுழைந்தார், முதலாளியைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, நாலாவது கதவுக்குப் போனார். ஊன்றுகோலின் டக் டக் அந்தக் கூச்சலுக்கு நடுவிலும் கேட்டது. அவர் கடையைத் திறந்தபோது மணி ஒன்பதாக நாலு நிமிஷம் இருந்தது.

வேலை போனது போனதுதான். அவள் அன்று வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழவும் செய்தாள், அதை மறைப்பானேன்? பதினேழு வருஷம். மறுநாள் தையல் கடையின் மூலையில் ஒரு பலகை போட்டு, இடுக்கியை முடுக்கி, அரங்களை வரிசையாக வைத்தாள். வாசலில் ஒரு அட்டை தொங்கியது: 'சாவி செய்து தரப்படும்.'

நாலாம் நாள் கேட்டில் வேறு பூட்டு வந்துவிட்டது. அதைவிடப் பெரியது. காலையில் பழைய சாவியைப் போட்டுப் பார்த்துத் தோற்ற தையல்காரர் மறுபடி சாக்கடைக் கரையைச் சுற்றிக்கொண்டு பதினொன்றுக்கு வந்தார். அதே சுற்று வழியில் முந்தியே வந்து கடையைத் திறந்து வைத்திருந்த சாவி அக்கா அவர் அக்குளைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மத்தியானம் வாசலில் நிழல் தட்டியது. மேஸ்திரி. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மடித்த கால்சட்டை ஒன்றைத் தையல்காரர் மேஜையில் வைத்தார்.

"பட்டன் தைக்கணும். பையில ஓட்டை இருக்கான்னும் கொஞ்சம் பார்த்துடுங்க" என்றார். சாவி அக்காவின் பக்கம் திரும்பவே இல்லை. "மழை வரும்போல இருக்கு" என்று வெயிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

தையல்காரர் பைக்குள் கையை விட்டார். ஓட்டை இல்லை. காகிதத்தில் சுற்றிய ஒரு சாவி இருந்தது, பிசிறெடுத்த சூடுகூட ஆறாத புதுச் சாவி. காகிதத்தை விரித்தாள் அவள். வெட்டுச் சீட்டு. புது கேட் பூட்டு, ஏழாம் விதிப்படி, பள்ளத்தெருவுக்கு, நூற்றுப் பன்னிரண்டு. அடியில் அவள் பெயருக்குப் பதில் ஏழு பேர் கையெழுத்து. ஆறு, சாவிப் பிரிவுப் பெண்களுடையது. ஏழாவது கோணல் மாணலாக, பயந்து பயந்து போட்டது, ஆனாலும் முழுப் பெயர்.

திருப்பினாள். முதுகில் முத்திரை இருந்தது. 'பார்க்கப்பட்டது. கருத்து இல்லை.'

"பயந்தாங்கொள்ளி மேஸ்திரி!" என்றார் தையல்காரர்.  "ஏம்மா, ஒண்ணுதான் குடுத்தனுப்பியிருக்காரு. மத்தவங்களுக்கு?"

சாவி அக்கா சாவியை இடுக்கியில் வைத்து முடுக்கினாள், அரத்தைக் கையில் எடுத்தாள்.

"மாதிரிக்கு ஒண்ணு போதும்" என்றாள். "இன்னும் நூத்துப் பதினொண்ணுதான பாக்கி."